நட்சத்திரக்குறி

வென்டிலேட்டர் நின்றுபோய் ஆறு நிமிடம் ஆகியிருந்தது. படுக்கையில் ஒன்பது வயதுச் சிறுமி. அவள் மூச்சு இப்போது நர்ஸ் அக்காவின் கையில் இருந்தது. அக்கா காற்றுப்பையை அமுக்குவதும் விடுவதுமாக இருந்தாள். மற்ற ஐந்து இயந்திரங்களும் வேறு படுக்கைகளில் ஓடிக்கொண்டிருந்தன.

இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவள் மடிக்கணினியோடு தரையில் உட்கார்ந்திருந்தாள். இதே கோளாறை வேறொரு இயந்திரத்தில் இவளுக்கு மூத்த பழுதுபார்ப்பவரான திருப்புளி அண்ணன் சரிசெய்து, கணினிப் பதிவேட்டில் எழுதியிருந்தார். எங்கேயோ அடைத்துக்கொண்டது என்று படித்த நினைவு. எங்கே என்பதுதான் மறந்துவிட்டது. பத்து வருடக் குறிப்புகள் கிடந்தன. அண்ணனோ விமானத்தில் இருந்தார்.

"அடைத்த" என்று அடித்து நட்சத்திரக்குறி போட்டாள். போட்டால் அந்த எழுத்துகளில் தொடங்கும் எல்லாமே வரவேண்டும். ஒன்றும் வரவில்லை. இன்னும் துல்லியமாகக் கேட்போம் என்று "அடைத்துக்கொ" என்று நீட்டினாள். அதற்கும் பூஜ்யம்.

"கை மரத்துப்போகுது தங்கச்சி," என்றாள் அக்கா. "உன் பெட்டிய கொஞ்சம் வாயத் தொறக்கச் சொல்லு."

கதவுக் கண்ணாடிக்கு அப்பால் சிறுமியின் அம்மா நின்றிருந்தாள். அவளைப் பார்க்காமலிருக்க இவள் திரையையே வெறித்தாள். அப்போதுதான் உறைத்தது. போன வாரம் இந்தத் தேடலைத் திருத்தியதே இவள்தான். சொற்களின் வாலை வெட்டிவிட்டு வேரை மட்டும் சேமிக்கும்படி செய்திருந்தாள். உள்ளே இருப்பது வெறும் "அடை". நட்சத்திரக்குறி போட்டால் கேட்கும் சொல்லுக்கு மட்டும் அந்த வெட்டு கிடையாது. இவள் எழுத்தைக் கூட்டக் கூட்டக் குறிப்பு எட்டிப்போயிருக்கிறது.

அழித்தாள். "அடை", நட்சத்திரம். ஆயிரத்து இருநூறு குறிப்புகள் கொட்டின, பாதி அடையாள அட்டை சமாசாரம். இந்த இயந்திரத்தில் எது அடைத்தாலும் ஈரம்தான் காரணமாக இருக்கும் என்று கூடவே "ஈர" என்று சேர்த்து இன்னொரு நட்சத்திரம் போட்டாள். மூன்றே குறிப்புகள் மிஞ்சின. அவற்றில் இரண்டாவது, அண்ணன் எழுதியது: பின்பக்க நீர்க்கிண்ணத்துக்கு மேலுள்ள துளையில் ஈரத்தூசி அடைத்துக்கொண்டது, துடைத்ததும் ஓடியது.

கிண்ணத்தைத் திருகிக் கழற்றினாள். துளையில் சாம்பல் நிறத்தில் ஒரு பிசுக்கு. துடைத்து மாட்டிப் பொத்தானை அழுத்தினாள். இயந்திரம் இருமுறை கூவிச் சோதித்துக்கொண்டது. அக்கா குழாயைப் பையிலிருந்து கழற்றி இயந்திரத்தில் மாட்டியதும் சிறுமியின் நெஞ்சு அதன் தாளத்தில் ஏறி இறங்கியது.

"விடுக்கா, அது பாத்துக்கும்."

கழற்றிய காற்றுப்பையை அக்காவின் கை இன்னும் அமுக்கிக்கொண்டிருந்தது.