நீல டிரம்மின் வாய்

மேய்ச்சல் நிலத்தில் வைக்கும் தாது உப்பை மழை கரைத்துக்கொண்டு போவதுதான் மாட்டுக்காரருக்குத் தீராத எரிச்சல். ஒரு நீல டிரம்மைப் படுக்கவைத்து, பக்கத்தில் ஓட்டை அறுத்து, பழைய டியூப் ரப்பரைத் திரையாகத் தொங்கவிட்டார். ஓட்டைக்கு அளவு? தன் தலையையே உள்ளே விட்டுப் பார்த்து, மாட்டு முகத்துக்காக ஒரு சாண் கூட்டிக்கொண்டார். டிரம்மைப் பிடித்திருந்த மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"பாத்துங்க, முதல்ல நீங்களே நக்கிடப் போறீங்க!"

மாடுகள் ஏழு. வாராவாரம் உப்பு குறைந்ததில் அவருக்குப் பெருமை பிடிபடவில்லை. செவலைப் பசு மட்டும் கல்லைக் கடித்தது, வேலிக்கம்பை நக்கியது, பொழுதெல்லாம் டிரம்மருகிலேயே நின்றது.

"தின்னது பத்தலையா, பேராசைக்காரி!" என்று விரட்டிவிட்டார்.

கன்று போட்ட மறுநாள் செவலை விழுந்தது. ஊசி போட்ட மாட்டு டாக்டர் கேட்டார்: "தாது உப்பே வைக்கறதில்லையா?"

"டிரம் நிறைய வெச்சிருக்கேனே, டாக்டர்!"

இருவரும் போய்ப் பார்த்தார்கள். ஓட்டையின் இருபுறமும் பிளாஸ்டிக்கில் கொம்பு கீறிய கோடுகள். அந்த ஏழில் கொம்புள்ளது செவலை ஒன்றுதான்.

சாயங்காலம் அதன் மூச்சு அடங்கியது.

மறுநாள் காலை அவர் ரம்பத்தால் ஓட்டையைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார்.

"மிச்சம் ஆறுக்கும் கொம்பே இல்ல. இப்ப யாருக்குங்க அறுக்கறீங்க?" என்றாள் மனைவி.

அவர் இரண்டு கைகளையும் கொம்புபோல விரித்துக்கொண்டு தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். இடித்தது. மறுபடி அறுத்தார்.