இன்னும் நான்கு நாள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. அதில் பாதி என் மேலேயே வந்த கோபம். மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்திலிருந்து என் மனைவிக்கு ஒரு கடிதம் வந்தது. அதை வாசித்ததும் நான் சொன்னது என்ன தெரியுமா? "என்ன மரியாதையா எழுதியிருக்காங்க பாரு." எழுதிப் பிழைக்கிறவன் புத்தி அப்படித்தான் போகும்.

அவள் பல் செட் செய்யும் லேபில் வேலை பார்க்கிறாள். கழுத்தில் நரம்பு நசுங்கி, வலது கை விரல்கள் மரத்துக்கொண்டே வருகின்றன. மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்யாவிட்டால் உணர்ச்சி திரும்பாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அதற்கு நிறுவனத்தின் பதில் இது: "தங்கள் நலனை முதன்மையாகக் கருதி, தற்போதைக்கு ஆறு மாத பிசியோதெரபியை மேற்கொள்ளுமாறு அன்புடன் பரிந்துரைக்கிறோம்."

மாட்டோம் என்ற சொல் அதில் எங்குமே இல்லை. நல்ல யோசனை சொல்கிறார்கள் என்று நம்பி அவளைத் தினமும் பிசியோதெரபிக்கு அழைத்துப் போனேன், மடையன். இருபத்திரண்டாம் நாள் அவள் அண்ணன் வந்து அந்தத் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது: இம்மறுப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அவகாசம் முப்பது நாள்.

2

(தொடக்கம், முதல் வரைவு.) அந்தக் கடிதத்தை எழுதியவள் ஒரு ராட்சசி. அவளுடைய கண்கள்—

[வேண்டாம். ராட்சசிகள் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதில்லை.]

(இரண்டாம் வரைவு.) ஏழாவது மாடியில், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி அவள் உட்கார்ந்திருந்தாள். நிறுவனத்தின் கடிதங்களுக்கு வாசகம் எழுதுவது அவள் வேலை. பழைய கடிதத்தில் 'நிராகரிக்கப்பட்டது' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். வாங்கியவர்கள் கொதித்துப்போய் அன்றைக்கே மேல்முறையீடு போடுவார்கள். நோயாளியிடம் இப்படியா பேசுவது என்று அவளுக்கு மனசு கேட்கவில்லை. மூன்று வாரம் உட்கார்ந்து அதை மென்மையாக்கினாள். மேல்முறையீடுகள் மளமளவென்று குறைந்தன. மேலாளர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார். "ஜனங்க எவ்வளவு திருப்தியா இருக்காங்க பாருங்க. இப்பெல்லாம் யாரும் எதிர்த்துக் கேக்கறதே இல்ல." அவள் அதை நம்பினாள். அன்று வீட்டுக்குப் போகும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

[இந்தப் பெருமைதான் எனக்கு ஆகவில்லை. வெறுப்பதற்காகத்தான் அவளைப் படைத்தேன். அவளானால் என்னைப் போலவே ஒவ்வொரு வாக்கியத்தையும் தட்டித் தட்டிச் சரிசெய்கிறாள்.]

3

வைத்தியச் செலவு முழுவதையும் அரசே ஒரே நிதியிலிருந்து எல்லோருக்கும் கொடுப்பதா, தனியார் காப்பீடே போதுமா என்று எங்கு பார்த்தாலும் விவாதம். அது எங்கள் சாப்பாட்டு மேசைக்கும் வந்தது. மச்சான் லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டார்.

"அரசாங்கம் கைக்குப் போச்சுன்னா வரிசையில நின்னே ஆயுசு முடிஞ்சிரும், மாப்ள. என் மாமனாரு கண் ஆபரேஷனுக்கு எட்டு மாசம் காத்திருந்தாரு."

"எட்டு மாசம் கழிச்சாவது பண்ணாங்களா?" என்றாள் என் மனைவி.

"பண்ணாங்க."

"வரிசைன்னா முன்னாடி நிக்கறவங்க முதுகாவது தெரியும்ண்ணா. இங்க எனக்கு முன்னாடி ஒருத்தரும் இல்ல. ஆனா நகர விட மாட்டேங்கறாங்க."

"சரிம்மா. ஆனா எட்டு மாசம்னா உன் விரல் தாங்குமா?"

அவள் வலது கை விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தாள். இந்த இடத்தில் நடுநிலையாக இரண்டு பத்தி எழுதினேன். கிழித்துப் போட்டேன். நடுநிலையாவது மண்ணாவது. வரிசை நீளமென்றால் டாக்டர்களைக் கூட்டச் சொல்லிச் சண்டை போடலாம், கேட்காத மந்திரியை ஓட்டுப் போட்டு வீட்டுக்கு அனுப்பலாம். மறுத்தால்தான் லாபம் என்று கடை விரித்திருப்பவனை எந்தத் தேர்தலில் போய்த் தோற்கடிப்பது?

4

முடிவுகள்:

(அ) கடிதக்காரி மனம் மாறி, 'மறுக்கிறோம்' என்று பச்சையாக எழுதி, வேலையை இழக்கிறாள். [திங்கட்கிழமை அந்த நாற்காலியில் வேறொருத்தி. பிரயோஜனமில்லை.]

(ஆ) அவளுக்கே கழுத்து நரம்பு நசுங்குகிறது. அவள் எழுதிய கடிதமே அவள் வீட்டுக் கதவைத்—

இதை எழுதும்போது எனக்கு எவ்வளவு ஆனந்தமாக இருந்தது என்று சொல்லவே வெட்கமாயிருக்கிறது. மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"அவ கை மரத்துப்போனா என் கைக்கு உணர்ச்சி வந்துருமா?" என்றாள். பிறகு, "நாலு நாளா உக்காந்து இதத்தான் எழுதிட்டு இருந்தீங்களா? நான் அப்பீல்னு நெனச்சேன்."

அன்று இருபத்தாறாம் நாள்.

5

அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். நடுவில் நல்லதாக ஒரு வாக்கியம் சேர்க்கப் பார்த்தேன். "அதெல்லாம் உங்க கதையில வெச்சுக்குங்க" என்று அடிக்கச் சொன்னாள்.

"நீங்கள் மறுத்துவிட்டீர்கள். டாக்டர் மூன்று மாதத்துக்குள் என்கிறார், நீங்கள் ஆறு மாதம் கழித்து என்கிறீர்கள். நேற்று பல் செதுக்கும் கத்தி என் கையிலிருந்து விழுந்தது. தரையில் சத்தம் கேட்ட பிறகுதான் விழுந்ததே எனக்குத் தெரியும். ஆபரேஷனுக்கு அனுமதி கொடுங்கள்."

மேல்முறையீட்டுப் படிவத்தின் அடியில் ஒரு விதி இருந்தது: கையெழுத்து பாலிசியில் உள்ளதுடன் ஒத்திருக்க வேண்டும்; இல்லையேல் விண்ணப்பம் ஏற்கப்படாது.

வேறொரு தாளில் மூன்று முறை போட்டுப் பார்த்தாள். மூன்றும் மூன்று பேர் போட்டது போல இருந்தன. பேனா விரலுக்குள் நிற்கவில்லை. அவள் கையெழுத்து எனக்கு அச்சாக வரும். நான் போட்டுவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம்" என்றாள். இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு படிவத்தில் போட்டாள். "இப்ப இதுதான் என் கையெழுத்து. பாக்கட்டும்."

6

தபாலில் சேர்த்துவிட்டேன். கடிதக்காரியையும் அந்த நாற்காலியிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டேன். பாவம், அவள் நான் கற்பனையில் கட்டிவிட்ட ஆள். இப்போது அங்கே நீங்கள் உட்காருங்கள். உறையைப் பிரியுங்கள். இடப்பக்கம் பாலிசியில் அவள் போட்ட பழைய கையெழுத்து, வலப்பக்கம் இது. இரண்டும் ஒத்துப்போகவில்லை.

என்ன எழுதப் போகிறீர்கள்?