வீட்டில் இருக்கிற பெண்

அர்ச்சுனனின் மனைவி முத்தம்மாள் போன மழைக்காலத்தில் பிரசவத்தில் செத்துப்போனாள். குழந்தையும் தங்கவில்லை. அதற்குப் பிறகு அம்மா கெங்கம்மாள் எழுந்திரு என்றால் எழுந்தான், சாப்பிடு என்றால் சாப்பிட்டான். ஆனிக் கடைசியில் ஒரு நாள் வெள்ளைச் சட்டை போடு என்றாள். போட்டுக்கொண்டு அவள் பின்னால் நடந்தான். காவலூரைத் தாண்டிய பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள்.

"வேடியப்பன் பொண்ணுடா. ப்ளஸ் டூ முடிச்சிட்டு ஒரு வருஷமா வூட்ல இருக்குது."

மலையில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். பெண் வீட்டில் இருக்கிறாள் என்றால் பெண் கேட்டுத் தட்டு எடுத்துக்கொண்டு வரலாம்.

பெரியவர்கள் பேச உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையைக் கால் கழுவக் கொல்லைப்புறம் அனுப்பினார்கள். அங்கே ஆட்டுப்பட்டியில் வேடியப்பன் மகள் நீலாவதி ஓர் ஆட்டின் வாயைப் பிளந்து மருந்து ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தண்ணி தொட்டியில இருக்குதுங்க," என்றாள் திரும்பாமலே. "அதுக்கு முன்னால இதோட காதைப் புடிங்க. ஒதைக்குது."

பிடித்தான். ஆடு மருந்தை அவன் வெள்ளைச் சட்டையில் துப்பியது.

"பாத்தீங்களா, அதுக்கும் புடிக்கல."

"காலேஜுக்கு ஏன் போகல?" என்று கேட்டான்.

"நான் ஒரு வருஷம் இருக்கேன்னுதான் சொன்னேன். எல்லாரும் படிப்பையே நிறுத்திட்டேன்னு நெனச்சிட்டாங்க. ஆறு வயசுல ஹாஸ்டல்ல வுட்டாங்க. வார்டனம்மா காலேஜுல சரித்திரம் எடுக்கிறியான்னாங்க. தலையாட்டிட்டேன். அப்பறம் பயமாயிடுச்சு. இன்னாத்துக்கு சரித்திரம்னு எனக்கே தெரியல."

"இப்ப?"

"மழையில துள்ளுமாரி நோவு வந்து பாதிப் பட்டி செத்துச்சு. ஊசி போட வந்த மாட்டு டாக்டர் பின்னாலயே ஊரூரா சுத்தினேன். அந்தப் படிப்புக்கே எழுதிப் போட்டேன். ஆடியில மெட்ராஸுல இன்டர்வியூ. போன வருஷமே போயிருந்தா இந்நேரம் ராஜாங்க பேரை மனப்பாடம் பண்ணிக்கினு இருப்பேன்."

"உங்க அப்பா?"

"தட்டு வராத வரைக்கும் போன்னாரு. வந்துட்டா, அவரு வாயில இல்லன்னு வராதுங்க."

அர்ச்சுனன் ஆட்டின் காதை விடவில்லை. அவன் பள்ளி முடித்ததும் திருப்பத்தூருக்கு பஸ் ஏறினான். பி.ஏ. முடித்ததும் கல்யாணம். நடுவில் எங்கேயும் நின்று எதற்கு என்று கேட்டதில்லை. இப்போதும் கால் கழுவச் சொன்னார்கள், வந்து நிற்கிறான்.

உள்ளே போனபோது தட்டு வைத்தாகிவிட்டது. வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள், பூ. பெண்ணைப் பெற்றவர் கையில் வாங்கிவிட்டால் பேச்சு முடிந்தது. அதன் பிறகு மாற்றினால் ஊருக்குத் தெண்டம் கட்ட வேண்டும்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தான். அம்மா பார்த்தாள். வாயை மூடிக்கொண்டான். வேடியப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கையை நீட்டினார்.

அர்ச்சுனன் குனிந்து தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, வாயில் போட்டு மென்றான்.

கை மாறுவதற்கு முன்னால் மாப்பிள்ளை வீட்டார் வாய் வைத்தால் அது எச்சில் தட்டு. வாங்க மாட்டார்கள். அந்த மாதத்தில் அதே வீட்டுக்கு இன்னொரு தட்டும் வரக்கூடாது.

"அட பாவி! இன்னாடா பண்ணிட்ட!" கெங்கம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வெறும் வெத்தலையா மெல்லுற? பாக்கு வேணாமா?" என்றார் வேடியப்பன். பிறகு அவரே இறங்கி வந்தார். "வுடும்மா. புள்ளைக்கு மனசு இங்க இல்ல. ஆடி பொறக்கப்போவுது. இனிமே ஆவணிதான்."

கொல்லைக் கதவருகில் நீலாவதி நின்றிருந்தாள். ஆவணி என்ற சொல் காதில் விழுந்ததும் அர்ச்சுனன் முகத்தை ஒருமுறை பார்த்தாள். பிறகு சட்டென்று பட்டிப் பக்கம் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது கெங்கம்மாள் முன்னால் வேகமாக நடந்தாள்.

"பைத்தியம்னு சொல்லுவாங்கடா ஊர்ல."

"சொல்லட்டும்மா."

"ஆவணியில கண்ணாயிரம் வூட்டுக்குப் போலாம். அங்கயும் ஒண்ணு வூட்ல இருக்குது."

அர்ச்சுனன் நின்றுவிட்டான். வாயில் இன்னும் வெற்றிலைக் காரம் இருந்தது. அம்மா கொஞ்ச தூரம் போய்த் திரும்பிப் பார்த்தாள்.

"நடடா."

நடந்தான்.