தேரைக்கு மட்டும் அளந்த படி

பிரான்சின் தெற்கே திராட்சைத் தோட்டங்களையெல்லாம் வேர்ப்பேன் என்னும் பூச்சி தின்று தீர்த்துக்கொண்டிருந்த காலம் அது. சாம்பலும் மாட்டு மூத்திரமும் கொட்டிக் கொட்டி ஓய்ந்துபோன செலஸ்தேன், கடைசியில் ஊரார் பேச்சைக் கேட்டு, தன் தோட்டத்தில் ஒவ்வொரு கொடிக்கடியிலும் ஒரு தேரையை உயிரோடு புதைத்தான். மண்ணிலுள்ள விஷத்தைத் தேரை உறிஞ்சிவிடுமாம்.

"பேன் பிடிக்கத் தேரையை வேலைக்கு வச்ச மகராசன் நீதான்யா!" என்று அவன் பெண்டாட்டி யூலாலி தலையில் அடித்துக்கொண்டாள்.

வசந்தம் பிறந்தும் தோட்டத்தில் ஒரு கொடிகூடத் துளிர்க்கவில்லை. செலஸ்தேன் மண்வெட்டியோடு போய் ஒரு கொடியைத் தோண்டினான். வேர் கறுத்து அழுகி, தொட்டதும் பிய்ந்து வந்தது. அதனடியிலிருந்து தேரை மெல்ல வெளியே வந்து வெயிலில் கண்ணைச் சிமிட்டியது.

"விஷத்தைக் குடிச்ச லட்சணமா இது? நல்லா கொழுகொழுன்னு இருக்கு!" என்று அவன் காலை ஓங்கினான்.

"அதை ஏன்யா மிதிக்கிற?" என்றாள் பின்னாலேயே வந்திருந்த யூலாலி. " கல்லுக்குள்ள இருக்குற தேரைக்கும் கடவுள் படியளப்பாருன்னு சொல்வாங்கல்ல? அளந்துட்டாரு. நமக்கு அளக்கத்தான் அவருக்குக் கை வரல."

செலஸ்தேன் காலை இறக்கினான். தேரையைப் பிடித்து அதே குழியில் போட்டு, அதன் மேல் செத்த கொடியை நிறுத்தி, மண்ணைத் தள்ளி மிதித்தான். "இதுக்கு அளக்குறப்ப கொடிக்கும் கொஞ்சம் சிந்தட்டும்" என்றான்.