கப்பில் சுட்ட நம்பர்

பீங்கான் பட்டறைப் பெண்களுக்காக நாங்கள் நடத்தும் அமைப்புக்குப் பத்து வயது ஆனதை எப்படிக் கொண்டாடலாம் என்று 2006-இல் கூடிப் பேசினோம். மற்ற ஊர்களில் காலண்டர் அடிப்பார்கள். விருத்தாசலத்தில் பீங்கான் இருக்கும்போது காலண்டர் எதற்கு? தொழிற்பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் தேவநாதன், "ஐநூறு டீ கப்பு நான் சுட்டுத் தரேன் லீமாம்மா. பேரும் போன் நம்பரும் மட்டும் சொல்லுங்க" என்றார். ஆபீஸ் போன் மாதத்தில் பாதி நாள் செத்துக் கிடக்கும். அதனால் என் செல் நம்பரைக் கொடுத்தேன். என் நாற்பத்திரண்டு வருட முட்டாள்தனங்களில் அதற்குத்தான் முதல் பரிசு.

நோட்டீஸ் என்றால் கிழிந்துபோகும். சூளையில் சுட்ட எழுத்து போகவே போகாது. விடிகாலை ஐந்தரைக்கு வேப்பூர் டீக்கடையிலிருந்து லாரி டிரைவர் கூப்பிட்டு, "இது எந்தக் கம்பெனிம்மா?" என்பார். மங்கலம்பேட்டைக்காரர் ஒருவருக்கு இதே கப்பில் நாலு டஜன் துபாய்க்கு அனுப்ப வேண்டுமாம். ஒரு அம்மா தன் மகனுக்குப் பெண் பார்த்துத் தரச் சொன்னார். இவற்றுக்கு நடுவில்தான் பட்டறைப் பெண்களின் உண்மையான கஷ்டங்களும் வரும். எது எது என்று எடுத்துப் பார்த்தால்தானே தெரியும்? எல்லாவற்றையும் எடுத்தேன்.

நிதி தரும் சென்னைக்காரர்களுக்கு வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை வேண்டும். தூசிக்கு முகமூடி கேட்டதற்காக முதலாளிகள் கோபித்தார்கள். முகமூடி மட்டும்தானா என்று பெண்கள் கோபித்தார்கள். எல்லாரும் அந்த ஒரே நம்பரில்தான் கோபித்தார்கள். "சாமியார் பிரசங்கத்தைவிட உன் ரிங்டோன்தான் எனக்கு மனப்பாடம்" என்பார் என் கணவர் சார்லஸ்.

அந்தச் செவ்வாய்க்கிழமை பொம்மைப் பட்டறையில் வேலை செய்யும் மாரியம்மாள் கூப்பிட்டாள். இருமல் நிற்கவில்லை, எக்ஸ்ரே எடுக்கப் பயமாக இருக்கிறது, கூட வர முடியுமா என்று கேட்டாள். அன்றைக்கு அது நாற்பத்தோராவது அழைப்பு. "இதுக்கெல்லாமா எனக்குப் போன் பண்ணுவே? உனக்குக் காலு இல்லையா?" என்று கத்திவிட்டேன். அவள், "சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டாள்.

அந்த 'சரிங்க மேடம்' என்னை உலுக்கிவிட்டது. இப்படிப்பட்டவளுக்காகத்தான் இந்த வேலைக்கே வந்தேன். அவளையே விரட்டுகிறேன் என்றால் நான் இங்கே இருக்கக் கூடாது. அன்றைக்கே ராஜினாமா கடிதம் எழுதினேன். சனிக்கிழமை கமிட்டியில் கொடுத்துவிடுவதென்று முடிவு. இந்த வேலையை விட்டால் நான் என்னவாக இருப்பேன் என்பதை நினைக்கவே பயமாக இருந்தது.

வியாழக்கிழமை கடிதத்தை டைப் அடிக்கத் தனக்கோடியிடம் கொடுத்தேன். எட்டு வருடமாக என்னோடு களப்பணி செய்கிறவள். அழுவாள், கையைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள் என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நிதானமாகப் படித்துவிட்டு, "நீங்க போனா நம்பரும் போயிடுமாக்கா?" என்றாள்.

"என் நம்பர்தானே. போகாதா?"

"அப்ப நம்பர வச்சுட்டுப் போங்க. கப்புல இருக்குறத அழிக்க முடியாது. எடுக்குற ஆள மாத்தலாம் இல்ல?"

எனக்குச் சுருக்கென்றது. இவ்வளவுதானா நான்? ஆனால் அவள் நிறுத்தவில்லை. ஒரு நோட்டை எடுத்துக் கோடு போட்டாள். ஆறு பேர், முறை வைத்துப் போன் எடுப்பார்கள். ராத்திரி எட்டுக்கு மேல் போன் கிடையாது; அவசரம் என்றால் நேரில் வரட்டும்.

"நாளைக்கு நீங்க லீவு. போன வைங்க."

"சென்னை அறிக்கை?"

"திங்கக்கெழம தரோம்னு காலையிலயே சொல்லிட்டேன். சரின்னுட்டாங்க."

பத்து வருடத்தில் நான் அவர்களிடம் ஒரு நாள்கூடத் தவணை கேட்டதில்லை. கேட்டால் கொடுப்பார்கள் என்றே எனக்குத் தெரியாது. போனை மேசைமேல் வைத்தேன். கடிதத்தை மட்டும் பிடுங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமைதான் இன்னும் வரவில்லையே.

பள்ளிக்கூடம் அரைப்பரீட்சை லீவு. மறுநாள் சார்லஸ், மகள் பிரின்சி, நான், மூவரும் பிச்சாவரத்தில் படகு ஏறக் கிளம்பினோம். கை சும்மா இருக்க மறுத்தது. இல்லாத போனைப் பைக்குள் நாலு தரம் தேடினேன். சேத்தியாத்தோப்பில் பஸ் பத்து நிமிஷம் நின்றது. டீ சொன்னோம். எனக்கு வந்த கப்பைப் பார்த்ததும் பிரின்சி விழுந்து விழுந்து சிரித்தாள். என் நம்பர் என்னையே முறைத்தது.

"ஒரே ஒரு கால்" என்று கடை வாசலில் தொங்கிய ஒரு ரூபாய்ப் போனுக்கு ஓடினேன். பையில் காசைத் தேடியபோது கடிதமும் கையோடு வந்தது. நாணயத்தைப் போட்டு, குரலை மாற்றிக்கொண்டு, "லீமா மேடம் இருக்காங்களா?" என்றேன்.

"அவங்க லீவுங்க. அவங்களும் மனுஷிதானே? எங்கிட்ட சொல்லுங்க."

மாரியம்மாளின் குரல்!

"என்னம்மா பேச்சே வரல? மெதுவா மூச்சு வுட்டுட்டு சொல்லுங்க. நான் எங்கயும் போவல."

செவ்வாய்க்கிழமை அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது. "மாரியம்மா, லீமா பேசறேன். அன்னிக்கு உன்னைத் திட்டிட்டேன். மன்னிச்சுடு."

"கொரலு கேட்டதுமே தெரிஞ்சுது மேடம். தனக்கோடியக்கா கூட வந்து எக்ஸ்ரே எடுத்தாங்க. பயப்பட ஒண்ணுமில்ல, பத்து நாளு தூசியில போவாதன்னாங்க டாக்டரு. வூட்டுல சும்மா குந்திக்கிட்டிருக்கறதுக்கு இங்க குந்தி போன எடுக்கறேன்." நோட்டுப் புரளும் சத்தம் கேட்டது. "கூப்புடறவங்க எல்லாரையும் எழுதச் சொல்லியிருக்காங்க. பேரு லீமா. பிரச்சினை என்னான்னு போடட்டும்?"

சத்தமாகச் சிரித்துவிட்டேன். டீக்கடையே திரும்பிப் பார்த்தது. ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு கடிதத்தை நாலாகக் கிழித்தேன்.

"தீந்துடுச்சுன்னு போடு."

"அப்ப வைங்க மேடம். கஷ்டத்துல இருக்கறவங்க யாராச்சும் கூப்புடுவாங்க."