ஸ்டெல்லாவைப் பார்த்து நின்ற குண்டுகள்

2011ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் முத்தாண்டிக்குப்பம் இன்னாசிமுத்து தன் முந்திரித் தோப்பில் சுட்ட ஈயக்குண்டுகள், அவருடைய தங்கை ஸ்டெல்லாவின் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால் அந்தரத்தில் நின்றுவிட்டன. அந்த வருஷம் முந்திரிக்கொட்டைக்கு நல்ல விலை. கடைசிக் கொட்டை வரைக்கும் விடாமல் பொறுக்கினார்கள். முந்திரிக் கிளைகள் தரையைத் தொட்டுக்கொண்டிருக்கும். உள்ளே ஆள் குனிந்து பொறுக்கினால் வெளியே சருகுச் சத்தம் மட்டும்தான் கேட்கும். நெய்வேலி பதினாறாம் வட்டத்துக் குவார்ட்டர்ஸிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வந்திருந்த ஸ்டெல்லா, சும்மா இருக்கமாட்டாமல் கூடையோடு உள்ளே நுழைந்திருந்தாள். காட்டுப்பன்றி என்று நினைத்து அண்ணன் விசையை இழுத்துவிட்டார். சத்தம் கேட்டு அவள் நிமிர்ந்தபோது, ஒரு கைப்பிடி சுண்டைக்காயை யாரோ வீசி நடுவழியில் நிறுத்தி வைத்ததுபோலக் குண்டுகள் எதிரே நின்றன. அவள் அலறவில்லை. "மாதாவே!" என்று மட்டும் சொன்னாள்.

அந்தக் குண்டுகளை அடைத்திருந்த தோட்டா ஸ்டெல்லாவின் புருஷன் சைமன்ராஜின் கைவேலை. நெய்வேலிச் சுரங்கத்து ஒர்க்ஷாப்பில் இரும்பு கடையும் பெர்மனென்ட் டர்னர் அவர். மச்சானின் துப்பாக்கி பழங்காலத்துக் குழல். கடைத் தோட்டாவின் வேகம் தாங்காமல் என்றைக்காவது வெடித்து மச்சானின் முகத்தைப் பெயர்த்துவிடும் என்று அவருக்குப் பயம். அதனால் சுட்டு முடித்த காலித் தோட்டாக்களில் தானே மறுபடி மருந்தும் குண்டும் அடைக்கப் பழகினார். அடைத்ததை அளக்க ஒரு கருவியும் செய்தார். சுடும்போது குழலுக்குள் எழும் அழுத்தம் எஃகுத் தண்டு ஒன்றைத் தள்ளும். தண்டு சின்னச் செம்புத்துண்டை நசுக்கும். எவ்வளவு நசுங்கியதோ அவ்வளவு அழுத்தம். வருஷக்கணக்காகக் குறைத்துக் குறைத்து, குழலுக்கு நோகாத ஒரு தோட்டாவைக் கண்டுபிடித்தும்விட்டார். சும்மா சொல்லக்கூடாது, அன்று குழலில் ஒரு கீறல் இல்லை. குண்டுகள்தான் பாதி வழியில் நின்றுபோயின.

மறுநாள் சைமன்ராஜ் கருவியைக் கொண்டுவந்து குண்டுகளுக்கு எதிரே பிடித்தார். செம்பு அப்பளமாக நசுங்கியது. "வேகம் கொஞ்சமும் போகலை ஸ்டெல்லா, எப்ப வேணும்னாலும் கிளம்பும். இனிமே நீ இந்தப் பக்கமே வரக்கூடாது" என்றார். தோப்பைத் தாண்டித்தான் வீடு. அத்தோடு அவளுக்குப் பிறந்த வீடு இல்லாமல் போயிற்று. பஸ் ஏறினால் அரை மணி நேரத்து வழி, ஆனால் அமெரிக்காவில் கட்டிக்கொடுத்த பெண்கூட வருஷத்துக்கொரு தடவை வந்து போவாள், இவளால் முடியாது. சுட்ட கையோடு அவள் வாசலில் போய் நிற்க அண்ணனுக்கும் மனசு வரவில்லை. அடுப்படியில் நின்று வாய்விட்டு அழுதாள்.

குண்டுகளோ அவள் இருக்கும் திசைக்கெல்லாம் நின்ற இடத்திலேயே திரும்பிக்கொண்டன. சாயங்காலமானால் இன்னாசிமுத்து அவற்றின் பின்னால் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் போன் போடுவார். "என்னம்மா, நெல்லிக்குப்பம் போயிருக்கியா? குண்டுங்க அந்தப் பக்கம் திரும்பிகினு நிக்குதே."

"ஆமாண்ணே, ஒரு கல்யாணம்" என்பாள் அவள். அந்தக் குரலுக்காகவே ஸ்டெல்லா நாளெல்லாம் காத்திருந்தாள்.

அந்த டிசம்பரில் 'தானே' புயல் வந்து தோப்பையே வேரோடு சாய்த்துப் போட்டது. பலா போயிற்று, முந்திரி போயிற்று, ஓடு போயிற்று. விடிந்து பார்த்தால் வெட்டவெளியில் குண்டுகள் மட்டும் இம்மி நகராமல் நின்றன. அப்போதுதான் ஊருக்கு உண்மையிலேயே மெய்சிலிர்த்தது. சிலர் சிலுவை போட்டார்கள், சிலர் கற்பூரம் ஏற்றினார்கள். ஒட்டுக்கன்று நட வந்த செல்லக்கிளி சோற்றுப் பையை ஒரு குண்டின்மேல் மாட்டிவிட்டு, "ஆணி அடிச்சாகூட இப்பிடி நிக்காதும்மா" என்றாள். 2014 தேர்தலுக்கு லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னபோது, குண்டும் ஆயுதக் கணக்கில்தான் வரும் என்று ஒரு ஏட்டு பிடுங்க வந்தார். இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கியே பார்த்தார். கடைசியில் தொப்பியை அதில் மாட்டிவிட்டு முகம் கழுவிக்கொண்டு, துப்பாக்கியை மட்டும் வாங்கிப் போனார். தேர்தல் முடிந்ததும் அது திரும்பி வந்தது. இன்னாசிமுத்து அதைத் தன் அறை மூலையில் நிமிர்த்தி வைத்தவர்தான், பிறகு தொடவில்லை; அன்று சுட்ட காலித் தோட்டாகூடக் குழலுக்குள்ளேயே கிடந்தது.

2017இல் ஒரு நாள் போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அண்ணி ஆரோக்கியம்மாள்தான் கடைசியில் பேசினாள்: "வாய் கோணிகினு போச்சு ஸ்டெல்லா. ஒரு பக்கம் கைகால் வரலை. பேச்சும் இல்லை." தானாடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்பார்கள். சைமன்ராஜ் எவ்வளவோ தடுத்தார், கெஞ்சினார், வாசலை மறித்தார். ஆறு வாரம் பொறுத்தவள், ஏழாம் வாரம் பூசை முடிந்த கையோடு டவுன் பஸ் ஏறிவிட்டாள். கருவியைத் தூக்கிக்கொண்டு அவரும் பின்னாலேயே ஓடினார்.

தோப்பில் வேலையாக இருந்தவர்கள் அப்படியே எழுந்து நின்றார்கள். ஸ்டெல்லா நேரே குண்டுகளைப் பார்த்து நடந்தாள். நடுவில் கருவியை நீட்டிப் பிடித்த சைமன்ராஜின் கையில் செம்பு நசுங்கியது. "அழுத்தம் அப்பிடியே இருக்குது ஸ்டெல்லா, நில்லு!"

"இருந்தா இருக்கட்டுங்க. எங்க அண்ணன் அங்க கிடக்குது."

அவள் ஓர் அடி வைத்தாள். ஆறு வருஷம் புயலுக்கும் போலீஸுக்கும் அசையாத குண்டுகள் ஓர் அடி பின்வாங்கின. அவள் நடக்க நடக்க, அவளுக்கு முகம் காட்டியபடியே அவை புதுக்கன்றுகளுக்கு நடுவே பின்னால் போயின, வாசற்படி ஏறின, இன்னாசிமுத்து கிடந்த அறைக்குள் நுழைந்து, மூலையிலிருந்த துப்பாக்கியின் வாய்க்குள் டொக் டொக்கென்று ஒவ்வொன்றாக இறங்கின. சைமன்ராஜ் குழலைத் திறந்தார். அன்று சுட்ட காலித் தோட்டா மறுபடி நிறைந்து, வாய் மூடி, புதுசாக இருந்தது. கருவியை வைத்துப் பார்த்தார், செம்பு நசுங்கவில்லை.

கட்டிலில் கிடந்த இன்னாசிமுத்து அதையெல்லாம் பார்க்கவில்லை. தங்கையைத்தான் பார்த்தார். அசைகிற ஒரு கையை ஆட்டி, போ, போ, கிட்டே வராதே என்று சைகை காட்டினார். கண்ணில் தண்ணீர் ஓடியது.

"அதுங்க எனக்கு முன்னாடியே வந்து ஒக்காந்துகிச்சிங்கண்ணே" என்றாள் ஸ்டெல்லா. "நவுரு, நான் ஒக்காரணும்."

ஒரு பக்கம் மரத்துக் கிடந்தவர், நகர்ந்து இடம் விட்டார்.