பூட்டு போட்ட விண்ணப்பம்

நேற்று சாயங்காலமே வந்து கிடந்த அந்த மெயிலுக்கு ஜாய்ஸ் இன்று மூன்றே முக்காலுக்குத்தான் வந்து சேர்ந்தாள்.

அனுப்பியவர் பெயர் 'ரூத் ஜெராக்ஸ்'. தலைப்பில் 'அர்ஜென்ட் செங்கம்மாள் வேலை'. உள்ளே ஒரே வரி: 'சீக்கிரம் திறக்கவும், பாஸ்வேர்டு 1234.' கீழே ஒரு ஜிப் ஃபைல். வணக்கம் கிடையாது, போன் நம்பர் கிடையாது. எந்த மாதிரி மெயிலைத் திறக்கக் கூடாது என்று கம்பெனி வகுப்பில் படம் போட்டுக் காட்டினார்களே, அதை அப்படியே உரித்து வைத்திருந்தது.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் கார் சீட் தைக்கிற கம்பெனி அது. ஆள் எடுக்கும் பிரிவில் ஜாய்ஸ் உதவியாளர். கேன்டீன் சூப்பர்வைசர் வேலைக்கு விண்ணப்பங்கள் மெயிலில்தான் வர வேண்டும்; இன்று ஐந்து மணி வரைதான் கெடு. தெரியாத ஆட்கள் அனுப்புவதைத் திறப்பதுதான் அவள் வேலையே. தெரியாத ஆள் அனுப்பியதைத் திறக்காதே என்பதும் அதே கம்பெனி போட்ட சட்டம். இந்த அழகில் வேலை பார்க்கச் சொன்னால் மனுஷி எங்கே போய் முட்டிக்கொள்வது?

ஆறு மாதத்துக்கு முன் ஒரு தடவை முட்டிக்கொண்டும் விட்டாள். அந்த மெயில் லெட்டர்பேடு, முத்திரை, கையெழுத்து என்று மாப்பிள்ளை மாதிரி வந்தது. நம்பித் திறந்தாள். நாலு கம்ப்யூட்டர் முடங்கியது. மேனேஜர் பரணிதரன் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். இன்னொரு தடவை என்றால் வேலை போய்விடும். அடுத்தவர் வயலில் நாற்று நட்டுப் படிக்க வைத்தவள் ஜாய்ஸின் அம்மா; அந்தக் குடும்பத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கும் முதல் ஆள் இவள்தான். சூடு கண்ட பூனை அடுப்பண்டை போகுமா?

கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் பிரவின்குமாரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"இதுக்குப் போய் யோசிச்சுகினு கீறியா? அழிச்சிடு," என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான்.

அழிக்கத்தான் கை போனது. ஆனால் அந்தப் பெயர் மனசில் இடித்தது. ஊரை ஏமாற்றுகிறவன் செங்கம்மாள் என்றா பெயர் வைத்துக்கொள்வான்? ஜாய்ஸின் முதல் விண்ணப்பமும் இப்படித்தான், திருக்கழுக்குன்றத்தில் பிரவுசிங் சென்டர்காரர் தன் ஐடியிலிருந்து தட்டிவிட்டது. அதை எவளாவது அழித்திருந்தால்?

திறக்கவும் பயம், அழிக்கவும் மனசில்லை. மெயிலை விட்டுவிட்டு ஆளைத் தேடுவோம் என்று எழுந்து, கேட்டில் இருந்த வாட்ச்மேன் ஞானதாஸிடம் போனாள்.

"அண்ணே, செங்கம்மாள்னு யாராவது வந்தாங்களா?"

"நேத்து வந்துச்சும்மா. கவரை நீட்டுச்சு. பேப்பர்லாம் வாங்க மாட்டோம், மெயில்ல அனுப்புன்னு நான்தான் திருப்பி அனுப்புனேன். இன்னா ஆச்சு?"

கேட் நோட்டில் பெயர் இருந்தது, ஊர் சதுரங்கப்பட்டினம் என்று இருந்தது, போன் நம்பரும் இருந்தது. ஜாய்ஸ் அங்கேயே நின்று கூப்பிட்டாள்.

"ஆமா மேடம், நான்தான் அனுப்பச் சொன்னேன். ஆதார்லாம் உள்ள கீது, கண்டவன் பார்த்துடப் போறான்னு ஜெராக்ஸ் கடை ரூத்துதான் பூட்டு போட்டு அனுப்புச்சு. இன்னும் தொறக்கலையா?"

பாதுகாப்பாக இருக்கட்டும் என்று அங்கே ஒருத்தி பூட்டியிருக்கிறாள். பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இங்கே ஒருத்தி அழிக்கப் பார்த்தாள். ஜாய்ஸுக்குத் தன் மேலேயே கோபம் வந்தது.

"இப்ப எங்கக்கா இருக்கீங்க? அஞ்சு மணி வரைக்கும்தான் டைம்."

"எதிர்ல டீக்கடையிலதான் கீறேன் மேடம். மெயிலைப் பார்த்துட்டுக் கூப்டுவீங்க, ரெண்டு பஸ்சு மாறி வர்றதுக்குள்ள நேரமாயிடும்னு காலையிலயே வந்துட்டேன்."

ரோட்டுக்கு அந்தப் பக்கம், நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண் காதில் போனோடு பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள். காலையிலிருந்து அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாள், பாவி மகள்.

கேட்டுக்கு வந்தவளிடம் ஜாய்ஸ் கவருக்காகக் கை நீட்டினாள். சோதனை போடத்தான் கேட்கிறாள் என்று செங்கம்மாள் நினைத்துக்கொண்டாள் போல. காகிதங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். பிறகு காலிக் கவரைத் தலைகீழாகப் பிடித்து உதறியும் காட்டினாள்.

"பார்த்துக்கோங்க மேடம். மாமல்லபுரத்துல ஓட்டல் கிச்சன்ல பதினோரு வருசம் இருந்த சர்ட்டிபிகேட்டு, ஆதாரு, போட்டோ. வேற ஒண்ணும் இல்ல."

கவரை உதறிய கையை ஜாய்ஸ் பிடித்து நிறுத்தினாள்.

"அதெல்லாம் வேணாங்க்கா. உள்ள வாங்க."

பூட்டு போட்ட ஃபைலை அவள் தொடவேயில்லை. காகிதங்களைத் தானே ஸ்கேன் செய்து, தன் ஐடியிலிருந்து மேனேஜருக்கு அனுப்பினாள். அப்போது மணி நாலு நாற்பது. செங்கம்மாள் எதிர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷத்தில் போன் அடித்தது.

"ஜாய்ஸ், உன் பேர்ல ஒரு அட்டாச்மென்ட் வந்திருக்கு," என்றார் பரணிதரன். "நீதான் அனுப்புனியா? கேக்காம தொறக்கப் பயமா இருக்கு."

"நான்தான் சார். அவங்களும் இங்கதான் உக்காந்திருக்காங்க."

"அப்புறம் அட்டாச்மென்ட் எதுக்கு? அவங்களையே அனுப்பு."

ஜாய்ஸ் மேனேஜர் அறையைக் காட்டினாள். செங்கம்மாள் எழுந்து, யாரும் கேட்காமலே கவரின் வாயைத் திறந்து பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.